இரத்தினபுரிக் குழியும் ஒரு பங்குக் கணக்கும்



போன மாதம் இரண்டு நாள் இரத்தினபுரிப் பக்கம் போய் வந்தேன். "முழங்கால் வலியோட எங்க அப்பா சுத்துறீங்க" என்று மகள் கோபித்துக்கொண்டாள். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவன் 1989இல் என்னிடம் பத்தாம் ஆண்டு படித்தவன். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. கூடப் படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள்.

அந்த வருடம் பாதியில் அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டு மாணிக்கக்கல் குழிக்குப் போய்விட்டான். நான் லயத்துக்குத் தேடிப் போய்ப் பேசினேன். "கல்லைத் தேடிப் போனவன் எவனும் கரை சேர்ந்ததில்லை" என்று அவன் அப்பாவுக்கு முன்னால் வைத்தே சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் இடாப்பில் அவன் பெயருக்கு நேரே "விலகினார்" என்று என் கையாலேயே எழுதினேன்.

இப்போது அவன் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "சேர், எம்மகனும் ஸ்கூல நிப்பாட்டிட்டு குழிக்கு வர்றேங்கிறான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பனுக்குச் சொல்லியே எடுபடாத வார்த்தை மகனிடம் எடுபடுமா என்ற யோசனையோடுதான் போனேன். போவதற்கு முன் பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். எத்தனையோ வருடம் வரலாறும் சமூகக் கல்வியும் படிப்பித்தேன். "இரத்தினபுரி" என்று இடது பக்கமும் "இரத்தினக்கற்கள்" என்று வலது பக்கமும் எழுதிக் கோடு போட்டு இணைக்கச் சொன்னதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நான் உங்களுக்கு என்ன சொல்லித் தந்தேன்? அந்தக் கடனை இன்றைக்குக் கொஞ்சம் தீர்க்கிறேன்.

முதலில் கல் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். நம் மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் அவை உருமாறின. அப்போது உண்டான பளிங்குகள்தான் பிறகு பாறை சிதைந்து, மழையில் கரைந்து, ஆற்றோடு உருண்டு பள்ளத்தாக்குகளில் படிந்தன. மண் கரைந்து போனது, மெல்லிய கல் நொறுங்கிப் போனது, கடினமானதும் பாரமானதும் தங்கிவிட்டது. அப்படித் தங்கிய சரளைப் படுகைக்குச் சிங்களத்தில் "இல்லம" என்று பெயர். சில இடத்தில் அது சில அடி ஆழத்தில் இருக்கும், சில இடத்தில் 50 அடிக்கும் கீழே இருக்கும். அதற்கும் அடியில் இருக்கும் மக்கிப்போன பாறையை "மலாவ" என்பார்கள். மலாவ வந்துவிட்டால் அதற்குமேல் தோண்டிப் பயனில்லை.

நீலக்கல்லும் சிவப்புக் கெம்பும் வேறுவேறு கல் அல்ல, இரண்டும் ஒரே கனிமம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அந்தக் கனிமத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் நம்மிடமிருந்து போன சொல், குருந்தம். ஆங்கிலேயரின் நாக்கில் அது "கொரண்டம்" ஆயிற்று. அதில் இம்மியளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். தாமரைப் பூவின் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தில் வருவதைப் பத்பராட்சா என்கிறார்கள். அது பத்மராகம் என்ற சொல்லின் மருவிய வடிவம்.

இனி வரலாறு. இந்தக் கற்களைப் பற்றி வெளிநாட்டார் எழுதி வைத்ததில் பெரும்பகுதி, அவை எவ்வளவு பெரியவை, எந்த அரசன் அணிந்தான் என்பதுதான். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இலங்கை அரசனிடம் ஒரு சாண் நீளமும் ஓர் ஆளின் கைப் பருமனும் கொண்ட சிவப்புக் கல் இருந்ததாம். சீனப் பேரரசர் குப்லாய் கான் அதற்கு ஒரு நகரத்தின் விலையைத் தருவதாகத் தூது அனுப்பியும், முன்னோர் சொத்து என்று அரசன் மறுத்துவிட்டானாம். வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பீர்கள். "அதைத் தோண்டி எடுத்த ஆளுக்கு என்ன கிடைத்தது சேர்?" என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த முறை அந்தக் கேள்வியோடு புத்தகங்களைத் திறந்தேன். பதில் அங்கேயே இருந்தது.

சீனப் பிக்கு பாஹியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கினார். ஒளிவிடும் மணிகள் கிடைக்கும் ஓர் இடத்தைப் பற்றி அவர் எழுதுகிறார். சிலர் அதை முத்து என்றும் மொழிபெயர்க்கிறார்கள். அரசன் அங்கே காவல் போட்டிருந்தான். கிடைப்பதில் பத்துக்கு மூன்று அரசனுக்கு. அப்படியானால் ஏழு எடுத்தவர்களுக்கு. 1600 ஆண்டுகளுக்கு முந்திய பங்குக் கணக்கு இது.

அடுத்து இபுன் பதூதா. 1344இல் வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தி. இருவரும் பாரசீக மொழியில் பேசிக்கொண்டார்கள். அரசரிடம் உள்ளங்கை அளவில், மாணிக்கத்தில் குடைந்த ஒரு கிண்ணம் இருந்தது. அதில் அகில் எண்ணெய் வைத்திருந்தார். விருந்தாளி வியந்து பார்த்தபோது, இதைவிடப் பெரியதும் எங்களிடம் இருக்கிறது என்றாராம். அங்கிருந்து சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியில் கல் தோண்டுவதையும் இபுன் பதூதா விசாரித்திருக்கிறார். ஒருவர் ஒரு துண்டு நிலத்தை வாங்கித் தோண்டுவார். கிடைக்கும் கல்லைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து உரசி, உள்ளே இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவருவார். கல்லின் மதிப்பு 100 பணத்துக்கு மேல் என்றால் அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் கீழே என்றால் எடுத்தவருக்கே சொந்தம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கல் 100 பணத்துக்கு மேலா கீழா என்று சொல்வது யார்? குழியில் இறங்கியவன் அல்ல. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்றாவது சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயன். தப்பிப் போய் 1681இல் தன் புத்தகத்தை வெளியிட்டான். கல் இருப்பது தெரிந்த இடங்களில் கூரான கழுமரங்களை நட்டு வைத்திருந்தார்கள் என்கிறான். அந்தப் பக்கம் போனால் அதிலேயே ஏற்றப்படுவாய் என்பது பொருள். அரசனிடம் போதிய கல் இருந்தது, மேலும் வெளியே வருவதில் அவனுக்கு விருப்பமில்லை.

பத்தில் ஏழு, பிறகு 100 பணத்துக்குக் கீழே, பிறகு கழுமரம். குழிக்காரனின் பங்கு இப்படிக் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரசனின் தடை போய் அனுமதிப்பத்திரம் வந்தது.

ஆங்கிலேயர் காலத்தைச் சொல்லும்போது நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகத்தான் உலகம் அறியும். அவர் முதலில் புவியியலாளர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் திணைக்களத்துக்கு முதல் பணிப்பாளராக இருந்தார். சப்பிரகமுவையில் கல் கழுவுகிறவர்களின் கூடையில் மிஞ்சிய கறுப்புத் துகள்களுக்கு இடையில்தான், தோரியனைற்று என்ற, அதுவரை உலகம் அறியாத கதிர்வீச்சுக் கனிமம் 1904இல் அவர் கண்ணில் பட்டது. கனிமம் தேடி ஊர் ஊராகப் போனவர், அந்த ஊர்களின் கைவினைஞர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். பாறையை விட்டு மனிதர்களின் கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1908இல் வந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை நூல் அப்படிப் பிறந்தது.

சரி, நான் பார்த்த குழிக்கு வருகிறேன்.

வயலோரம், தென்னோலையால் வேய்ந்த சிறு கூரை. அதன் கீழே ஒரு கட்டில் அகலத்தில் சதுரமான வாய். எட்டிப் பார்த்தால் 40 அடி இருட்டு. சுவரைச் சுற்றிலும் இறப்பர் மரக் கட்டைகளை ஏணிப்படி போலக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே பன்னம் இலையைத் திணித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கசியும், மண் மட்டும் வராது. சீமெந்து இல்லை, இரும்பு இல்லை. குழி மூடும்போது எல்லாம் மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும். அடியில் இல்லமப் படுகை வந்ததும் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி, குனிந்தபடியும் படுத்தபடியும் சரளையைச் சுரண்டி எடுக்கிறார்கள். தண்ணீர்ப் பம்பு இரவும் பகலும் ஓடுகிறது. அது நின்றால் உள்ளே இருப்பவன் உடனே மேலே ஏற வேண்டும்.

குழி தொடங்குவதற்கு நல்ல நேரம் பார்த்து, சமன் தெய்வத்துக்கு விளக்கேற்றுகிறார்கள். நம் பிள்ளைகள் பக்கத்திலேயே பிள்ளையாருக்கும் ஒரு கற்பூரம் வைத்திருந்தார்கள். என் மனைவியும் கூட வந்திருந்தாள், ஆனால் அவன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். குழிப் பக்கம் பெண்கள் வருவதைப் பல இடங்களில் இன்னும் விரும்புவதில்லை. "கடைசியில அந்தக் கல்லு போய்ச் சேர்றது எங்க கழுத்துக்குத்தானே" என்று அவள் கேட்டதற்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

நான் கீழே இறங்கவில்லை, இறங்கும் வயதும் இல்லை. ஒரு கட்டையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, 1989இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன்டா அன்றைக்குப் போனாய்? பேராசையா?"

அவன் சிரித்தான். "பேராசைன்னு நீங்கதான் சேர் நெனச்சீங்க. தோட்டத்துல எங்கப்பாவுக்கு நாள் கூலி. பெரட்டுக்குப் போகணும், பேர் போடணும், தொர ஏசுனா கேட்டுக்கிட்டு நிக்கணும். இங்க கூலி இல்ல சேர். சாப்பாடு தருவாங்க, கல்லு வந்தா பங்கு. இங்க நான் பங்காளி."

இந்த வார்த்தையை அசைபோட்டுக்கொண்டே இருந்தேன். அவன் விளக்கிய பங்குமுறை இது. நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒரு பங்கு. பணம் போட்டுச் சாப்பாடு தருபவருக்கு ஒரு பங்கு. தண்ணீர்ப் பம்பு கொண்டுவந்தவருக்கு ஒரு பங்கு. மிச்சம் குழியில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு, சமமாக. அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆனால் முறை இதுதான். சரளையைக் கழுவும் நாளில் எல்லாப் பங்காளிகளும் வந்து நிற்க வேண்டும். எல்லோர் கண்ணெதிரேதான் கூடை தண்ணீரில் இறங்கும்.

இந்த முறை சும்மா நீடிக்கவில்லை, சட்டமும் துணை நின்றிருக்கிறது. 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனத்துக்கான சட்டம் வந்தது. 1993இன் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை அமைந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஆண்டுதோறும் அனுமதி வேண்டும். வேலை முடிந்தால் குழியை மூட வேண்டும், அதற்காக முன்பணமும் கட்ட வேண்டும். கனரக இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்ற நாடுகளில் பெரிய கம்பனிகள் மலையையே பெயர்த்து எடுக்கும்போது, இங்கே இன்னும் ஐந்தாறு பேர் சேர்ந்து வெட்டும் சிறு குழிகள்தான் அதிகம். சட்டத்தை மீறி ஆற்றங்கரையை வாரும் ஆட்களும், மூடாமல் விட்டுப் போன குழிகளும் இருக்கத்தான் செய்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய அந்தப் பழைய குழிகளில் மாடும் விழும், பிள்ளையும் விழும். களு கங்கை பெருகும்போது இந்த ஊர் என்னவாகும் என்பதை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பார்த்தோம்.

பங்கு நியாயமானதுதான். ஆனால் வரலாறு படித்தவனுக்கு இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

முதல் ஓட்டை நிலம். நிலப் பங்கு நிலம் உள்ளவனுக்குத்தான். நம் சனம் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இறப்பருக்கும் இந்த மலைக்கு வந்தது. லயத்து அறையும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2003இன் சட்டம் வரை அந்தக் கதை முழுதாகத் தீரவில்லை. அப்படிப்பட்ட ஒருவன் குழிக்குக் கொண்டுவரக்கூடியது தன் உடம்பு ஒன்றைத்தான். என் மாணவன் 35 வருடமாக இறங்குபவனின் பங்கோடு மட்டும் நிற்பதற்கு அவன் சோம்பேறித்தனம் காரணம் அல்ல.

இரண்டாவது ஓட்டைதான் நான் முன்பு மனதில் வைக்கச் சொன்னது. கல்லின் விலையை அறிந்தவன் யார்?

கெவுட என்று ஒரு கல் உண்டு. குருந்தம்தான், ஆனால் பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருக்கும். நம் ஊரில் அதை ஒரு கல்லாகவே மதிக்காமல் வீசி எறிந்துவிடுவார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தக் குப்பையை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று இங்கே சிரித்தார்கள். அவர்கள் அதை உலையில் வைத்து 1500 பாகைக்கு மேல் சூடாக்கினார்கள். கல்லுக்குள் மங்கலை உண்டாக்கிய தைத்தானிய ஊசிகள் அந்தச் சூட்டில் கரைந்து, இரும்போடு சேர்ந்து, மங்கல் கல் கருநீலமாகி வெளியே வந்தது. குப்பை நீலக்கல்லாயிற்று. செய்தி இங்கே பரவுவதற்குள் எத்தனையோ மூட்டைகள் போய்விட்டன. இதில் வேதனை என்னவென்றால், கரி நெருப்பில் ஊதுகுழலால் ஊதிக் கெம்பின் ஊதாச் சாயலைப் போக்கும் வித்தை நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். நெருப்பை அறிந்திருந்தார்கள். அந்த நெருப்பை இன்னும் சில நூறு பாகை உயர்த்திப் பார்க்கும் அறிவு மட்டும் வேறோர் ஊரில் இருந்தது.

இன்னொரு கதை. 1945இல் டப்ளின் நகரத்தில் ரிச்சர்ட் டாஃபே என்பவர், நகைக்கடையில் வாங்கிய வெட்டிய கற்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பைனல் என்று வைத்திருந்த ஒரு சிறு இளம் ஊதாக் கல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதன் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பைனலில் அப்படித் தெரியாது. அனுப்பிச் சோதித்தால், உலகம் அதுவரை அறியாத புதிய கனிமம். அதற்கு அவர் பெயரையே வைத்து டாஃபைட் என்றார்கள். அந்த வகைக் கல் இலங்கைச் சரளையிலிருந்து வருவது என்று பிறகு தெரிந்தது. இங்கே ஒருவன் அதைத் தோண்டினான், ஒருவன் கழுவினான், ஒருவன் வெட்டினான். அவர்கள் கையில் அது வெறும் ஸ்பைனல். பார்க்கத் தெரிந்தவன் பெயர் நின்றது. நம்மவருக்கும் அப்படி நடந்ததுண்டு. எஹெலியகொடைச் சரளையில் 1953இல் ஒரு விசித்திரமான பச்சைக் கல்லைக் கவனித்தவர் ஏகநாயக்க. அந்தக் கனிமத்தின் பெயர் ஏகனைற்று.

நியூயோர்க் அருங்காட்சியகத்தில் 563 காரட் எடையுள்ள ஒரு நட்சத்திர நீலக்கல் இருக்கிறது. "இந்தியாவின் நட்சத்திரம்" என்று பெயர், ஆனால் கிடைத்தது இலங்கையில். இளவரசி டயானாவுக்கு 1981இல் போட்ட மோதிரத்தில் இருந்ததும் 12 காரட் இலங்கை நீலக்கல்தான். இரண்டையும் எடுத்த கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டுக்காரர் கிணறு வெட்டும்போது 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் கொத்து ஒன்று அகப்பட்டதும், 10 கோடி டொலர் வரை போகலாம் என்று பேசப்பட்டதும் நினைவிருக்கும். ஒரு காரட் 0.2 கிராம். 510 கிலோ எத்தனை காரட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 இலட்சத்துக்கு மேல் வரும். எடை பெரிதுதான், ஆனால் விலையைத் தீர்மானிப்பது எடை மட்டும் அல்ல. நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் பார்க்க வேண்டும். அதையும் ஒருவர் படித்துத்தான் அறிய வேண்டும்.

பேருவளைச் சீனன்கோட்டையில் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். சின்னப் பையனுக்குக் கணக்கோடு கல்லையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பழைய நாளில் துணியால் மூடிய கைக்குள் விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது.

அன்றைக்குப் பிற்பகல் அவர்கள் குழியின் சரளையைக் கழுவினார்கள். பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூங்கிலில் பின்னிய ஆழமில்லாத கூடையைச் சுழற்றுகிறார்கள். களிமண் கரைந்து ஓடுகிறது, மெல்லிய மணல் விளிம்பால் வழிகிறது, பாரமானது அடியில் தங்குகிறது. படிக மணலைவிடக் குருந்தம் ஒன்றரை மடங்கு பாரம். வித்தை முழுவதும் அதில்தான் இருக்கிறது. கூடையை வெயிலுக்குச் சரித்துப் பிடித்தபோது பத்துப் பேரும் மூச்சை அடக்கி நின்றோம். வந்தது சில செம்மணித் துண்டுகள், கொஞ்சம் சேர்க்கோன், நகக்கண் அளவு ஒரு நீலச் சில்லு. தேநீர்ச் செலவுக்கும் காணாது என்றார் ஒருவர். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த கூடை தண்ணீரில் இறங்கியது.

மாலையில் மகனோடு பேசினேன். 16 வயது, அப்பனைப் போலவே தலையைக் குனிந்து நின்றான். போகாதே என்று நான் சொல்லவில்லை. பாஹியானில் தொடங்கி கெவுட வரைக்கும், உங்களுக்கு எழுதிய இதே கதையை அவனுக்குச் சொன்னேன். குழியில் உனக்குப் பங்கு உண்டு. ஆனால் உன் கையில் வந்த கல் எதுவென்று இன்னொருவன் சொல்லித்தான் நீ அறிய வேண்டும் என்றால், அந்தப் பங்கின் அளவும் அவன் சொல்வதுதான். இவ்வளவுதான் நான் சொன்னது.

அவன் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டான். "அந்தத் தாய்லாந்து ஆள் எந்த ஸ்கூல்ல படிச்சான் சேர்?"

"அது தெரியாது. சூட்டை அளக்கத் தெரிந்தவன்."

"எங்க ஸ்கூல்ல அதெல்லாம் சொல்லிக் குடுக்கல்லியே சேர்."

பிள்ளைகளே, இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நான் படிப்பித்த பாடசாலை. இல்லமப் படுகையைக் காட்ட ஒரு நாளாவது வகுப்பை அங்கே கூட்டிப் போனேனா? குருந்தம் தமிழ்ச் சொல் என்று சொன்னேனா? இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் கோடு போட்டு இணைக்கச் சொன்னேன். அவன் அப்பனை நான் பேராசைக்காரன் என்று எண்ணியதும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இது.

சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை குழிக்கு வரமாட்டேன் என்று அவன் இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். எழுதுவானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வரலாறு சொல்லித் தருகிறேன். ஆனால் எனக்கு இரசாயனம் தெரியாது. உங்களில் இரசாயனம், புவியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள், அவனோடு பேசுங்கள். கடுவெலவில் இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்களோ வேலை பார்ப்பவர்களோ உங்களில் யாராவது இருந்தால், சேருவதற்கு என்ன தகுதி வேண்டும், தமிழில் படிக்க வழியுண்டா என்று விசாரித்து எனக்குத் தனியாக அறிவியுங்கள்.

அவன் அப்பன் விடைபெறும்போது அந்த நகக்கண் நீலச் சில்லை ஒரு தாளில் மடித்து என் கையில் வைத்தான். "எல்லாரையும் கேட்டுட்டேன் சேர். இது ஒங்க பங்கு" என்றான். மேசையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் சேர்